பொரிக்கு அரை மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜீவாவின் பூனை பொரி மதிலிலிருந்து விழுந்தது.

பூனை மதிலிலிருந்து குதிக்கும். இறங்கும். விழவே விழாது. அதனால் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஜீவா பிரஷ்ஷோடு ஓடினாள்.

பொரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நான்கு கால்களும் சைக்கிள் மிதிப்பது போல வெட்டி வெட்டி இழுத்தன. வாயெல்லாம் நுரை. கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவை ஜீவாவைப் பார்க்கவில்லை.

“ஐயோ, பூனைக்கு வெறி புடிச்சிகிச்சி! யாரும் கிட்டப் போவாதீங்க!”

கத்தியது ராதிகா அத்தை. அவர்தான் வீட்டுக்காரர். முன்வீட்டில் அவர் இருந்தார். பின்னால் இருந்த சின்ன வீட்டை ஜீவாவின் அப்பாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அத்தையின் இடுப்பில் ஒன்றரை வயது மாறன். இன்னொரு கையில் துடைப்பம்.

ஜீவா குறுக்கே போய் நின்றாள். “அடிக்காதீங்க அத்தை!” என்று கத்தினாள். பற்பசை நுரை மோவாயில் வழிந்தது.

அத்தை இரண்டடி பின்னால் போனார். “இன்னாடி இது, உனக்கும் புடிச்சிகிச்சா?”

“இது பேஸ்ட்டு அத்தை!”

அதற்குள் பொரியின் கால்கள் நின்றுவிட்டன. அது மெல்ல எழுந்தது. தள்ளாடிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. அங்கேயே நின்று, சுவர் எப்படி இங்கே வந்தது என்பது போலப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல வந்து, “மியாவ்” என்று சோறு கேட்டது.

அத்தைக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை.

“மாறன் இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கான். கண்டதையும் எடுத்து வாய்ல வெச்சிக்கினு திரியறான். இந்தப் பூனை இனிமே இந்த வூட்ல இருக்கக் கூடாது. அப்பா வந்ததும் சொல்லிடு.”

ஜீவாவின் அப்பா அறிவுச்செல்வன், கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் இவர்கள் ஊரான கச்சிராயபாளையத்தைத் தாண்டித்தான் மலை ஏறும். மதியம் சாப்பிட வந்தவர் எல்லாவற்றையும் கேட்டார். மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“அவங்க சொல்றதும் நாயந்தான் ஜீவா. சின்னக் கொழந்த இருக்கிற வூடு. நாளைக்கு மொத ட்ரிப்புல கூடையில வெச்சி எடுத்துக்கினு போறேன். வெள்ளிமலையில உங்க மாமா கிட்ட வுட்டுடலாம். சாமைக் காட்டுல எலிக்கா பஞ்சம்? நல்லா இருக்கும்.”

ஜீவா அழவில்லை. அழுதால் அப்பா “சரி சரி, அழாத” என்று சொல்லிவிட்டு, நினைத்ததைச் செய்து முடித்துவிடுவார். அவள் யோசித்தாள்.

“மாமா காட்டுல மரம் இருக்குதாப்பா?”

“மலையில மரம் இல்லாமயா?”

“மரத்து மேல ஏறி இருக்கும்போது இந்த மாதிரி வந்துச்சின்னா? மதிலாவது என் தோளு உயரம்தான்.”

அப்பா மோரைக் கலக்குவதை நிறுத்தினார்.

“அதுக்கு ஒடம்பு சரியில்லப்பா. ஒடம்பு சரியில்லன்னா டாக்டர் கிட்டதான் போவணும். மாமா கிட்ட இல்ல.”

அம்மா மணிமொழி தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அவ சொல்றது சரி. நாளைக்கு நானே கூட்டிக்கினு போறேன்.”

மறுநாள் காலை, அப்பாவின் பஸ்ஸிலேயே மூன்று பேரும் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். ஜீவா, அம்மா, மூடி போட்ட கூடைக்குள் பொரி. கால்நடை மருத்துவமனையில் ஏற்கெனவே நான்கு ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் காத்திருந்தன. ஓர் ஆடு கூடையை முகர்ந்து பார்த்தது. உள்ளிருந்து “ஸ்ஸ்ஸ்” என்று சத்தம் வந்ததும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

டாக்டர் ஜெயசுதா பொரியின் கண்ணைப் பார்த்தார். நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பொரி ராஜா மாதிரி மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

“தடுப்பூசி அட்டை வெச்சிருக்கியா?”

ஜீவா நீட்டினாள்.

“வெறிநோய் ஊசி சரியான தேதியில போட்டிருக்கு. வேற நாய், பூனை ஏதாவது கடிச்சுதா?”

“இல்ல டாக்டர்.”

“அப்ப பயம் ரொம்பக் கம்மி. இருந்தாலும் பத்து நாள் வீட்டை விட்டு வெளிய விடாதீங்க. வாய்ல கை வைக்காதீங்க.”

“அப்ப அதுக்கு இன்னா டாக்டர் வந்துச்சி?”

“அதை நான் பார்க்கலையேம்மா. மயக்கமா இருக்கலாம், வலிப்பா இருக்கலாம், ஏதாவது விஷம் தின்னிருக்கலாம். இங்க வந்து நல்ல பிள்ளையா உக்காந்திருக்கு. மறுபடியும் வந்தா, உன்னால ஃபோன்ல வீடியோ படம் எடுக்க முடியுமா?”

“எடுப்பேன்.”

“எத்தனை நிமிஷம்னு பாரு. தொடாத. பிடிச்சு அமுக்காத. பக்கத்துல இடிக்கிற மாதிரி எதாவது இருந்தா மட்டும் நகர்த்து. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா உடனே தூக்கிட்டு வந்துடணும்.”

வீட்டுக்குத் திரும்பியதும் ஜீவா நேராக அத்தையிடம் போகவில்லை. முதலில், பொரி விழுந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நான்கு குடம் தண்ணீர் ஊற்றினாள். ராதிகா அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாத்துக்குடி இவ்ளோ கழுவற?”

“மாறன் இங்கதான வெளையாடுவான் அத்தை.”

அப்போதுதான் ஜீவா தடுப்பூசி அட்டையைக் காட்டினாள்.

“பத்து நாள் அத்தை. கதவு சாத்தியே இருக்கும். வெறியா இருந்தா பத்து நாளுக்குள்ள தெரிஞ்சிடும்னு டாக்டர் சொன்னாங்க. பத்து நாள் குடுங்க.”

அத்தை அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “பத்து நாளுதான். பதினொண்ணாவது நாளு கெடையாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பொரிக்கு வீட்டுக்காவல் பிடிக்கவேயில்லை. அம்மாவின் நூல்கண்டுகளை உருட்டியது. யாரோ தைக்கக் கொடுத்திருந்த பாவாடைக்குள் புகுந்து தூங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜீவா கேட்கும் முதல் கேள்வி, “வந்துச்சாம்மா?” அம்மா சொல்லும் பதில், “வரல.” பொரிக்கு ஒன்றும் வரக்கூடாது என்றும் ஜீவாவுக்கு இருந்தது. வராவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும் என்றும் இருந்தது.

ஆறாவது நாள், சனிக்கிழமை, வந்தது.

தரையில் படுத்திருந்த பொரி திடீரென்று விறைத்தது. கால்கள் வெட்டத் தொடங்கின. ஜீவாவின் இரண்டு கைகளும் தானாக முன்னே போயின. பொரியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

தொடாத. பிடிச்சு அமுக்காத.

அவள் கைகளைப் பின்னுக்கு இழுத்தாள். அம்மா தையல் இயந்திரத்தின் அருகே இருந்த நாற்காலியைத் தள்ளினாள். ஜீவா ஃபோனை எடுத்தாள். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்து பொரி மங்கலாகத் தெரிந்தது. ஃபோனில் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“ஒண்ணுமில்ல பொரி... இங்கதான் இருக்கேன்... இங்கதான் இருக்கேன்...” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நிமிடம் இருபது விநாடி. பிறகு நின்றது.

மருத்துவமனையில் டாக்டர் ஜெயசுதா அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தார்.

“யார் எடுத்தது?”

“நான்தான்.”

“ரொம்ப நல்லா எடுத்திருக்க. இப்ப எனக்குச் சந்தேகமே இல்ல. இது வலிப்பு. மனுஷங்களுக்கு வர்ற மாதிரி பூனைக்கும் வரும்.”

ரத்தம் எடுத்துச் சோதனை செய்ததில் வேறு கோளாறு எதுவும் இல்லை. டாக்டர் ஒரு மாத்திரையைக் கத்தரித்துக் காட்டினார்.

“காலையில அரை, சாயந்திரம் அரை. காலையில ஏழு மணின்னா சாயந்திரமும் ஏழு மணிதான். ஒரு வேளையும் விடக்கூடாது. நல்லா ஆயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. நிறுத்தினா ஜாஸ்தியா வரும்.”

“எத்தினி நாளைக்கு டாக்டர்?”

“அநேகமா ஆயுசு முழுக்க.”

ஜீவா அந்த அரை மாத்திரையைப் பார்த்தாள். “சரியாவவே ஆவாதா?”

“முழுசாப் போகாது. ஆனா நம்ம கட்டுக்குள்ள இருக்கும். மருந்து வேளை தவறாம உள்ள போச்சுன்னா கிழவனாகி, உன்னையே மிரட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்.”

வீட்டுக்கு வந்த ஜீவா ராதிகா அத்தையிடம் படத்தைக் காட்டினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்க்கத் தொடங்கிய அத்தை, பாதியில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“வலிப்பா? பூனைக்கா?”

“ஆமா அத்தை.”

“என் தம்பி அய்யப்பனுக்கும் சின்ன வயசுல இருந்து வருது. இதே மாதிரிதான்...” அத்தை படத்தை நிறுத்தினார். “அன்னிக்கி நொரையப் பாத்ததும் எனக்கு வெறின்னுதான் தோணிச்சி. பூனைக்கு இது வரும்னு யாரு கண்டாங்க?”

“இப்ப அவரு எங்க அத்தை இருக்காரு?”

“மூங்கில்துறைப்பட்டுல. கரும்பு லோடு கணக்கு எழுதறான். ரெண்டு புள்ளைங்க. மாத்திர போட்டுக்கினு ஜம்முனு இருக்கான்.” அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி, போயி மாத்திரயக் குடு. மணி ஆவுதில்ல?”

மாத்திரை கொடுப்பது சுலபம் என்று ஜீவா நினைத்திருந்தாள். முதல் நாள் வேகவைத்த மீனுக்குள் ஒளித்து வைத்தாள். பொரி மீனைத் தின்றுவிட்டு, மாத்திரையைக் கழுவித் துடைத்தது போலத் தட்டிலேயே வைத்திருந்தது. டாக்டரிடம் ஃபோனில் கேட்டு, துண்டில் சுற்றி வாயைத் திறந்து உள்ளே போட்டார்கள். பொரி விழுங்கியது போல நடித்தது. ஐந்து நிமிடம் கழித்து அப்பாவின் செருப்பின்மேல் துப்பியது.

“இதுக்கு டிக்கெட் எடுக்காம வர்றவங்களே தேவலாம்” என்றார் அப்பா.

ஜீவா தரையில் உட்கார்ந்து பொரியைக் கவனித்தாள். கையில் அடுத்த துண்டு மீன் இருந்தால், பொரி வாயில் இருப்பதை மெல்லாமலே விழுங்கிவிட்டு ஓடிவருவதைப் பார்த்தாள்.

உடனே மீனைப் பிசைந்து மூன்று சின்ன உருண்டைகள் செய்தாள். முதல் உருண்டையில் வெறும் மீன். பொரி முகர்ந்தது, மென்றது, சந்தேகம் தீர்ந்தது. இரண்டாவதில் மாத்திரை. அதை வாயில் வாங்கும்போதே மூன்றாவதை மூக்கின் முன்னால் காட்டினாள். மூன்றாவது கிடைக்கும் அவசரத்தில் இரண்டாவது லபக்கென்று உள்ளே போனது.

“அம்மா! போயிடுச்சி! உள்ள போயிடுச்சி!”

பத்து நாள் முடிந்தது. பொரிக்கு வெறி இல்லை. ஜீவா கதவைத் திறந்தாள். ராதிகா அத்தை தடுக்கவில்லை.

மருந்து உடம்பில் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை தொடங்கிய பன்னிரண்டாம் நாள், வாசலில் பொரிக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. இந்த முறை ஜீவாவின் கைகள் பொரியைத் தூக்கப் போகவில்லை. பக்கத்தில் இருந்த செங்கல்லை நகர்த்தினாள். பொரிமேல் வெயில் படாமல் மறைத்து நின்றுகொண்டாள். வாய்விட்டு எண்ணினாள்.

ராதிகா அத்தை சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். “இந்தா, இரும்பு! கையில குடு!”

“பூனை எப்படி அத்தை சாவி புடிக்கும்?”

“அட, கால்ல வெய்யி!”

“வேணாம் அத்தை. தொடக்கூடாது. அதுவே நிக்கும். முப்பத்திரெண்டு... முப்பத்திமூணு...”

முப்பத்தைந்தில் நின்றது.

“போன தடவ ஒரு நிமிஷம் இருவது. இப்ப முப்பத்தஞ்சு செகண்டுதான்!” என்றாள் ஜீவா.

அத்தை சாவிக்கொத்தை மெதுவாக இடுப்பில் சொருகிக்கொண்டார். “நாங்க அய்யப்பனுக்குச் சாவிதான் குடுப்போம். இனிமே மணி பாக்கச் சொல்றேன் அவன் பொண்டாட்டி கிட்ட.”

அதற்குப் பிறகு ஐந்து வாரம் பொரிக்கு ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் திருக்கோவிலூரில் சித்தப்பாவின் கல்யாணம் வந்தது. சனிக்கிழமை மதியம் கிளம்பினால் ஞாயிறு மதியம்தான் திரும்ப முடியும்.

“நான் வரல” என்றாள் ஜீவா. “ரெண்டு வேள மாத்திர இருக்கு.”

“சித்தப்பா கல்யாணத்துக்கு வராம இருப்பியா?” என்றாள் அம்மா.

முன்வீட்டிலிருந்து குரல் வந்தது. “ஏன், எனக்குக் கையி இல்லியா? நான் குடுக்க மாட்டனா?”

ஜீவா அத்தையை உட்காரவைத்து, ஒரு வேளை மாத்திரையை அவர் கையாலேயே கொடுக்கச் செய்து பார்த்தாள். அதன் பிறகுதான் கிளம்பினாள். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் ஃபோன் அடித்தது.

“முழுங்கிடுச்சி. வாயத் தொறந்தும் பாத்துட்டேன். நீ போயி சாப்புடு.”

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தாலி கட்டும் நேரத்தில், மறுபடியும் அடித்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மணி சரியாக ஏழு என்பதைப் பார்த்த ஜீவா, விஷயம் புரிந்து, அட்சதையைச் சித்தப்பாவின் தலையில் தாராளமாகப் போட்டாள்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது முன்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. “அத்தை!” என்று ஜீவா கூப்பிட வாயெடுத்தாள்.

ராதிகா அத்தை அவசரமாக வெளியே வந்து உதட்டில் விரல் வைத்தார்.

“கத்தாதடி! ரெண்டு பேரும் இப்பத்தான் தூங்கறாங்க.”

ஜீவா எட்டிப் பார்த்தாள். பாயின் ஒரு மூலையில் மாறன். இன்னொரு மூலையில் பொரி. நடுவில், இரண்டு பேருக்கும் காற்று வரும்படி, அத்தை மின்விசிறியைத் திருப்பி வைத்திருந்தார்.

ஜீவா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து உள்ளே போனாள்.