ராஜாவின் பங்குக் காற்று

“ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் கேஸ் எழுதிடுவாரும்மா. அப்புறம் என் வீட்டுக்காரரை யாராலயும் வெளிய கொண்டாற முடியாது.”

விஷ்ராந்த்வாடி ஃப்ளாட்டின் வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாள் பவுன். ராணுவ ரசாயனக் கூடத்தில் முப்பது வருஷம் விபத்துகளை ஆராய்ந்து ஓய்வு பெற்ற ஆனந்தவல்லி, விசிறிக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்தாள். அவளுடைய கொழுந்தன் விச்சு அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டான். வங்கி வேலையை விட்டதிலிருந்து அவனுக்கு இப்படித் துப்புத் துலக்குவதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

“முதல்லேருந்து சொல்லும்மா.”

“ஃபேக்டரியில இன்னிக்குத் தீயணைப்பு ஒத்திகை, பாக்கறதுக்கு கெஸ்ட்டுங்க வந்திருந்தாங்க. தரைக்கடியில இருக்கற பழைய தண்ணித் தொட்டிக்குள்ள ஒருத்தன் மயங்கிக் கெடக்கற மாதிரி நடிக்கணும், மத்தவங்க தூக்கணும். நடிக்கப் போன ராஜா நெசமாவே மயங்கிட்டான். ஆஸ்பத்திரியில மெஷின்தான் மூச்சு விடுது. ஃபேன் எங்க வீட்டுக்காரர் ஸ்டீபன் பொறுப்பு, அவர் அதை நிறுத்திட்டாராம், அதனாலதானாம்.”

“என்ன ஃபேன்?” என்றான் விச்சு.

“பெட்ரோல்ல ஓடற பெரிய ஃபேனுங்க. வீட்ல பெத்த புள்ள மாதிரி பேசுவாரு. புகையை மட்டுமா தள்ளும்பாரு? குழியில மாட்டினவனுக்கு நல்ல காத்து குடுக்கும், கேஸ் கசிஞ்சா வெரட்டும், வட்டக் குழாயை மாட்டினா நெருப்புல வெந்து வர்றவங்க மேல சாரல் அடிச்சு ஆத்தும்பாரு.”

“ஸ்டீபன் என்ன சொல்றார்?”

“காலையில எட்டு மணிக்கே தொட்டிகிட்ட வெச்சுட்டாராம். ‘ஃபேனை நான் போட்டுக்கறேன், நீ கேட்டுக்குப் போயி கெஸ்ட் வண்டிக்கு வழி காட்டு’ன்னு மகாதேவன் சாஹேப் அனுப்பிட்டாராம். யாரும்மா நம்பறாங்க?”

“மன்னி, ஆட்டோ கூப்பிடட்டுமா?”

“கூப்பிடுடா, கேக்கணுமா.”

பவுனையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கியபோது, ஆளந்தி ரோட்டில் அந்த ஃபேக்டரி முற்றம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. போலீஸ் கட்டிய கயிற்றுக்குள் தொட்டியின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து துருவும் அழுகலும் கலந்த நாற்றம் வந்தது. “இதுரெண்டும் பிராணவாயுவைத் தின்னுடும், ஃபேன் நல்ல காத்தை உள்ளே தள்ளினாத்தான் ஆள் இறங்கலாம்” என்றாள் ஆனந்தவல்லி. விச்சுவுக்கு எட்டிப் பார்க்க ஆசை, கால் வரவில்லை. இரண்டு கை தூரத்தில், வாயைப் பார்த்தபடி அந்த ஃபேன் நின்றது. ஃபேனுக்கும் தொட்டிக்கும் நடுவே தரையில் கலர்ப்பொடியால் போட்ட தாமரை ரங்கோலி.

பாதுகாப்பு அதிகாரி மகாதேவன் இன்ஸ்பெக்டரோடு வந்தார். ரிசப்ஷனில் வேலை பார்க்கும் ஸ்நேஹா பின்னால் வந்து நின்றாள்.

“பத்து மணிலேருந்து இதே இடத்துல, முழு வேகத்துல ஓடிண்டிருந்தது, மாமி” என்றார் மகாதேவன். “பத்தரைக்கு ஸ்டீபன் நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிட்டான். என் கண்ணால பார்த்தேன்.”

“இந்த ரங்கோலி?”

“நான்தான் போட்டேன் ஆன்ட்டி” என்றாள் ஸ்நேஹா. “நௌ பஜே... ஒன்பது மணிக்கு. தேங்காய் உடைக்க. இங்கே ஒண்ணு, பந்தல்ல ஒண்ணு.”

ஆனந்தவல்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தாமரையின் ஓரத்தில் மெல்ல ஊதினாள். ஓர் இதழ் பறந்துபோயிற்று.

“அறுபத்திரண்டு வயசு மூச்சுக்கே பறக்கறது. ஆளைத் தள்ளற ஃபேன் அரை மணி நேரம் ஓடியிருந்தா இதுல ஒரு பொடி மிஞ்சுமா? ஒன்பது மணிக்கப்புறம் இந்த ஃபேன் இங்கே ஓடவே இல்லை.”

விச்சு இன்ஸ்பெக்டருக்கு அதை இந்தியில் சொன்னான். உற்சாகத்தில் தானும் ஒருமுறை ஊதிக் காட்டப் போனான்.

“சாட்சியைக் கலைக்காதேடா” என்றாள் ஆனந்தவல்லி.

பந்தல் இருபது அடி தள்ளி இருந்தது. எண்பது நாற்காலிகளுக்கு முன்னால் போட்டிருந்த ரங்கோலியில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து சேறாகியிருந்தன.

“யாரோ தண்ணியைக் கொட்டியிருப்பா” என்றார் மகாதேவன்.

“கொட்டின தண்ணி ஒரு பக்கமா ஓடும். இது பூராவும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு. சாரல் விழுந்திருக்கு, ஈரத்துல ஒட்டிண்டதாலதான் பொடி காத்துல பறக்கலை. வட்டக் குழாய் எங்கே இருக்கு?”

“அதை இந்த மாசம் வெளியிலேயே எடுக்கலையே.”

குழாய் வைத்திருந்த பெட்டியை விச்சு திறந்தான். குழாயைச் சாய்த்ததும் அதன் துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் சட்டையை நனைத்தது.

மகாதேவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “கெஸ்ட்டுக்கு வேர்த்துக் கொட்டித்து. பத்து நிமிஷம்னு ஃபேனை இங்கே தள்ளிண்டு வந்தேன். வெறும் ஒத்திகைதானே, மாமி?”

“ஸ்டீபனை கேட்டுக்கு அனுப்பினதும் அதுக்குத்தான். அவர் இருந்தா விட்டிருக்க மாட்டார். ராஜா விழுந்தப்புறம் மறுபடி தொட்டிகிட்டக் கொண்டுபோய் நிறுத்திட்டேள். போடக்கூட இல்லை. சரி, ஃபேன் இல்லைன்னு ராஜாவுக்குத் தெரியலையா?”

“அடிபட்ட வேஷம்மா” என்றாள் பவுன். “தலையோட சேத்துக் கண்ணையும் கட்டியிருந்தாங்களாம். கையைப் புடிச்சு ஏணியில எறக்கினது இந்த சாஹேப்தானாம்.”

ஆனந்தவல்லி மகாதேவன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. “இறங்கறதுக்கு முன்னால ஃபேன் ஓடறதான்னு கேட்டானா?”

“கேட்டான்.”

“என்ன சொன்னேள்?”

“‘காதுல விழலியாடா’ன்னேன்.”

விச்சுவின் பேனா நின்றுவிட்டது. இருபது அடி தள்ளி, யார் மீதோ சாரல் அடித்துக்கொண்டிருந்த அந்த இரைச்சலை நம்பி ஒருவன் ஒவ்வொரு படியாக இருட்டுக்குள் இறங்கியிருக்கிறான்.

விச்சு எல்லாவற்றையும் இந்தியில் சொன்னதும் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்து, ஸ்டீபனை உட்காரவைத்து டீ கொடுக்கச் சொன்னார். பவுன் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பந்தல்ல எண்பது பேர் இருந்திருக்காளே மன்னி, ஒருத்தர்கூட ஏன் சொல்லலை?” என்றான் விச்சு.

பதில் ஸ்நேஹாவிடமிருந்து வந்தது. “நான் ஃபர்ஸ்ட் ரோவுல இருந்தேன் அங்கிள். கல்யாணத்துல வாடகைக்கு வைப்பாங்களே, அந்த மாதிரி கூலர்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கன்னு நான்தான்... நானே கேட்டேன்.” முழங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள், குளிருகிறவள் போல. “அது ராஜா அண்ணாவோட காத்தா?”

அவள் விச்சுவின் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

“எல்லாத்தையும் எழுதறேன்” என்றாள். “திருப்பச் சொன்னதையும் எழுதறேன்.”