பின் இடது சக்கரம்

மூன்று சக்கரங்களில் முப்பத்தாறு. பின் இடதில் மட்டும் முப்பத்தொன்று.

கல்லிடைக்குறிச்சி தாண்டும்போதுதான் கணேஷ்ராம் கவனித்தான். ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிய சின்னத் திரை நாலு டயரின் காற்றழுத்தத்தையும் சூட்டையும் காட்டும். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது. ஓட ஓட டயர் சூடேறும், சூடேறினால் காற்று கூடும். கார் வைத்திருக்கிற எவனுக்கும் தெரிந்த சங்கதி. இது என்னடாவென்றால் இறங்குகிறது. பஞ்சராகத்தான் இருக்கும், வேறென்ன எழவு என்று முணுமுணுத்தவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அம்பாசமுத்திரத்தில் அக்கா பிரம்மநாயகியை எரித்துவிட்டு வருகிறவன் அவன்.

அக்காவுக்குப் பிள்ளையில்லை. தம்பி மகள் ஹம்ஸினி என்றால் உயிர். "ஏலே கணேசா, இந்த லீவுக்காவது பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போயேம்ல" என்று வருஷா வருஷம் கேட்பாள். விட்டால் திரும்பத் தரமாட்டாளோ என்று ஒரு பயம். ஒரு நாள்கூட அவன் விடவில்லை.

கிளம்பும்போதுதான் ஒரு தப்பு நடந்தது. சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வா என்று யாரையும் கூப்பிடவும் கூடாது. இவனுக்குத் தெரியாதா? அழுத களைப்பு, பாழாய்ப்போன வெயில். பின் இடது கதவைத் திறந்து பிடித்தபடி வீட்டைப் பார்த்து, "வா, ஏறு, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றான். பிள்ளையோ அதற்கு முன்பே வலது பக்கமாக ஏறி உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற உறவுக்கார மஹாலக்ஷ்மி மதினி முகம் வெளுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான்.

வீரவநல்லூரில் இருபத்தெட்டு.

"அப்பா, கண்ணாடிய ஏத்துங்க. குளிருது."

வெளியே அனல் அடித்தது. அவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சேரன்மகாதேவியில் எலியேசரின் பஞ்சர் கடையில் நிறுத்தினான். எலியேசர் சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஆணி இல்ல, வால்வும் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றபடி டயரில் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஏ யப்பா, ஐஸ்கட்டி மாதிரில்லா இருக்கு! மத்த மூணும் கொதிக்குது." மறுபடி தொட அவருக்கு மனசில்லை. காற்றை நிரப்பிவிட்டு, "பிள்ளையக் கூட்டிட்டு வெரசா வீடு போய்ச் சேருங்க" என்றார்.

பத்தமடை தாண்டியதும் மறுபடி இறங்கியது. முப்பது. இருபத்தேழு. சூடு காட்டும் இடத்தில் ஆறு டிகிரி. அவன் பக்கம் மட்டும் திறந்திருந்த ஜன்னல் வழியே வயல் புழுதியும் சாணி வாடையும் வந்துகொண்டிருக்க, அவற்றுக்கு அடியில், முதலில் சந்தேகம் போலவும் பிறகு சந்தேகமில்லாமலும், பன்னீரும் வாடிய பிச்சிப்பூவும் நனைந்த கோடித்துணியும் கலந்த ஒரு மணம் பின்சீட்டிலிருந்து எழுந்து அவன் பிடரியில் வந்து தங்கியது. காலையில் அக்காவைக் கிடத்தியிருந்த கூடத்தின் மணம். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை.

அப்போது எண் ஏற ஆரம்பித்தது. இருபத்தொன்பது. முப்பத்து மூன்று. முப்பத்தாறு. அப்பாடா, முருகா என்று மூச்சு விட்டான்.

பின் வலது இறங்கியது.

முப்பத்தொன்று. இருபத்தாறு.

பின் வலது. ஹம்ஸினி இருக்கிற பக்கம்.

நகர்ந்திருக்கிறது.

"பாப்பா?"

ஒரு கையால் முன்சீட்டைத் தட்டினான்.

"பாப்பா, முன்னால வந்துரும்மா."

"அக்கா..." ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான். "தெரியாமக் கூப்பிட்டுட்டேன். உன் கால்ல விழுதேன். அவ ஒருத்திதான் எனக்கு. விட்ரு அக்கா."

பிரேக்கை மிதித்தான். திரும்பினான்.

ஹம்ஸினி கால் நீட்டிப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தச் சித்திரை வெயிலில் அவள் மூச்சு புகையாக வந்தது, விட்டு விட்டு, மெல்லியதாக. தலை சீட்டில் இல்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், மடியில் கிடப்பதுபோல் சாய்ந்து கிடந்தது. நெற்றியில் விழுந்த முடியை, காணாத விரல் ஒன்று பைய, ஒவ்வொரு இழையாக, காதோரம் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தது.