உள்பக்கமாகத் திறந்த கதவு

குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தது.

இந்த வீட்டுக்குக் குடிவந்த ஆறு வருடமாக அது வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். நடைவழியில் வருகிறவர்களின் நெற்றியைப் பதம் பார்க்கும். மாற்றச் சொல்லிக் கணவரிடம் அவள் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். இன்று மாலை வழக்கம்போலப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. தோள் லேசாகப் பட்டதும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. கீல்கூட இடம் மாறியிருந்தது. அவர் வேலையாக வெளியூர் போய் நான்கு நாள் ஆகிறது. தச்சர் யாரும் வந்து போகவில்லை.

இப்படித் திறக்கும் கதவை அவள் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. முந்நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாள், திரையில்.

கணினி விளையாட்டு செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில், ஆட்டம் எவ்வளவு சிரமம் என்று பார்ப்பது அவள் வேலை. எந்தக் கட்டத்தில் ஆட்டக்காரர் எத்தனை தடவை சாகலாம், எத்தனையைத் தாண்டினால் கன்ட்ரோலரைத் தூக்கிச் சுவரில் அடிப்பார் என்று ஆடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே வேலை. ஆட்டக்காரர்கள் விசித்திரப் பிறவிகள். சுலபமாக வைத்தால் உப்புச் சப்பில்லை என்று திட்டுவார்கள், நாயடி அடித்தால் இன்னும் கொடு என்பார்கள். அவளும் அந்த ஜாதிதான். ஐம்பது தடவை செத்து, ஐம்பத்தோராவது தடவை ஒரு வாசலைத் தாண்டும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அதற்கு ஈடான சந்தோஷம் பிள்ளை பெற்றபோதுகூட வரவில்லை என்று ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புது ஆட்டத்தின் கடைசிக் கட்டம் ஒரு இருட்டு வீடு. பின்னறையில் இருக்கும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வர வேண்டும். வீட்டுக்குள் ஒன்று நடமாடும். ஒவ்வொரு கதவு நிலையிலும் குனிந்துதான் நுழையும் என்பதால் அலுவலகத்தில் அதற்கு நெட்டையன் என்று பெயர். உச்சகட்டச் சிரமத்துக்குப் பெயர் 'ஒற்றை உயிர்'. அதில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, செத்தால் முதலிலிருந்துதான். நாம் போன வழி, ஒளிந்த இடம் எதையும் நெட்டையன் மட்டும் மறக்காது.

ஓவியர் வீட்டை வரைந்து தரும்வரை தற்காலிகமாகத் தன் வீட்டு அளவுகளையே போட்டு வைத்திருந்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். துரத்தலுக்குப் போதாது என்று ஏழு காலடி நடைவழியைப் பதினோரு காலடியாக்கினாள். குளியலறைக் கதவைத் தவறாக உள்பக்கம் திறக்க வைத்துவிட்டாள். சன்னலுக்கு வெளியே வெறும் சாம்பல் நிறம். குழந்தையின் குரலுக்குத் தன் ஆறு வயது மகளையே போனில் பேச வைத்துப் பதிவு செய்தாள். "அம்மா, நான் இங்கதான் இருக்கேன்." ஒரே ஒரு வரி.

"இது வெளையாட்டாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமாடி செல்லம், வெளையாட்டுதான்."

முந்நூற்றுப் பதினொரு தடவை செத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஜெயித்தாள். எல்லோரும் தாடி என்று கூப்பிடும் புரோகிராமர் நேற்று போனில் குதித்தான்.

"அக்கா, நெசமாவா? கொழந்தையோடவா வெளிய வந்தீங்க?"

"பின்ன? கூடத்தான் வந்துச்சு."

பொய். எந்த வழியில் போனாலும் நெட்டையன் முன்னால் நின்றது. கடைசியில் நடைவழி நடுவே குழந்தையின் கையை விட்டாள். அது குழந்தையிடம் குனிந்தது. பன்னிரண்டு நொடி கிடைத்தது. அவள் மட்டும் வாசலைத் தாண்டினாள், ஆட்டம் வெற்றி என்றது. குழந்தையும் வந்ததா என்று பார்க்கச் சொல்லிப் புரோகிராமில் எழுதத் தாடி மறந்திருந்தான். அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவள் வேலை. சொன்னால் வெற்றி போய்விடும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அதே வழியில் இன்னும் நாற்பது தடவை ஜெயித்தாள். கண்ணை மூடிக்கொண்டும் செய்யுமளவுக்குக் கை பழகிவிட்டது.

இப்போது குளியலறை வாசலில் நின்றுகொண்டு, நமக்கு ஓய்வு வேண்டும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மணி ஆறரை. பின்னறையில் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள், கிரேயான் தாளில் உரசும் சத்தம் கேட்டது. அங்கே போனால் மனசு சரியாகிவிடும். பழக்கத்தில் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். ஏழில் அறை வரவில்லை. எட்டு. ஒன்பது. சுவரில் மாட்டிய கல்யாணப் போட்டோவுக்கும் நிலைக்கும் நடுவில் இதுவரை இல்லாத வெற்றுச் சுவர். பதினொன்று.

சன்னலில் எதிர்வீட்டு மாடி தெரியவில்லை, துணி காயும் கொடி தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே சாம்பல்.

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் மகள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எழுந்திரு கண்ணு. வெளிய போலாம்."

"செருப்பு?"

"வேணாம். வா."

சின்னக் கை, கிரேயான் பிசுபிசுப்போடு, அவள் கைக்குள் வந்தது. விளக்கு அணைந்தது. நடைவழியின் அந்தக் கோடியில் முன்கதவு, அதன் அடியில் ஒரு கோடு வெளிச்சம். ஈர மண்ணும் பழைய சாக்கும் கலந்த வாடை எங்கிருந்தோ வந்தது. திரையில் வாடை கிடையாது. பிறகு அந்தச் சத்தம். நிலையின் மேல்கட்டையில் தலை உரசும் சத்தம். தாடி கோணிச் சாக்கை மரப்பலகையில் இழுத்துப் பதிவு செய்த அதே சத்தம். அதில் இப்போது மூச்சும் இருந்தது.

இடது சுவரை ஒட்டிப் போகலாமா? அது நாற்பதாவது சாவு. சமையலறை வழியாகச் சுற்றினால்? நூற்றுப்பத்து. கட்டிலுக்கு அடியில்? அதையும் அதற்குக் காட்டிக்கொடுத்தாயிற்று. தனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும் அவளே ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பாக்கி ஒன்று.

மாட்டேன். வாய்விட்டே சொன்னாள். "மாட்டேன்."

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்றடி. நான்கு. குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. குனிந்துகொண்டு வெளியே வந்தது. நிமிர்ந்தது. கூரைவரை நிமிர்ந்தது.

"அம்மா, இது வெளையாட்டா?"

இந்த வரியை அவள் பதிவு செய்யவில்லை.

அவள் பதில் யோசித்துக்கொண்டிருந்தாள். கை யோசிக்கவில்லை. கை நாற்பது தடவை செய்ததையே செய்தது. இடுப்பிலிருந்து இறக்கியது. விரல்களைப் பிரித்தது. கால் ஓடியது. ஒன்று. இரண்டு. பின்னால் சாக்கு உரசியது. ஐந்து. ஆறு. திரும்பவில்லை. திரும்பினால் நேரம் போகும். ஒன்பது. தாழ்ப்பாள். வாசல்.

கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

மாடிப்படி இல்லை. தெரு இல்லை. காலடியில் ஒரு சதுரத் தரை, அதைச் சுற்றிலும் சாம்பல் நிறம். வெளியே எதையும் அவள் போட்டு வைத்திருக்கவில்லை. கதவைத் தள்ளினாள். இழுத்தாள். இந்தப் பக்கம் கைப்பிடியே கிடையாது.

"தங்கம்! கதவைத் திறடி! அம்மா வந்துட்டேன்டி!"

"அம்மா," என்றது உள்ளேயிருந்து, கதவை ஒட்டி, ஆனால் கதவின் உச்சியிலிருந்து. "நான் இங்கதான் இருக்கேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வலது கை மட்டும் தொங்கியபடி இருந்தது. அதன் கட்டைவிரல், முதலிலிருந்து ஆரம்பிக்கும் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்றை அமுக்கிக்கொண்டே இருந்தது.