மேலேறும் மண்

அந்தக் கூடை கனத்தது.

எழும்போதே போர்த்தொலோவுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து அதே குவியல், அதே முதுகுக்கூடை. மண் நனையவும் இல்லை. ஆனால் தோள்வார் சதைக்குள் இறங்கியது. களைப்புதான் என்று நினைத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தான்.

சரிவில் கல்சுவர் கட்டி நிறுத்திய பாத்திகளில்தான் அவனுடைய திராட்சைக் கொடிகள் இருந்தன. மழை வருடந்தோறும் மேல்மண்ணை அடிவாரத்துக்கு இழுத்துவரும். அறுவடை முடிந்து சாறு பீப்பாய்க்குள் பொங்கி அடங்கியதும், ஊரே அந்த மண்ணைத் திரும்ப மேலே சுமக்கும். இந்த வருடம் மழை மட்டுமல்ல. வசந்தத்தில் மேல்சுவர் உடைந்து பாத்திகள் மொத்தமாகச் சரிந்தன. சுவருக்குக் கல் வைத்துக்கொண்டிருந்த தம்பி செவெரினோவும் அதோடு போனான். ஊரார் தோண்டினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் பாதிரியார் குவியலின் மீது நின்று ஜெபம் சொன்னார். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

உறைபனிக்கு முன் மேல்வரிசை வேர்களை மூடியாக வேண்டும். இல்லையென்றால் கொடிகள் செத்துவிடும். மூடுவதற்கு இருந்தது அந்த மண் ஒன்றுதான். முதல் நாள் மனைவி ஓர்சொலா மண்வெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே அள்ளுவதாகவும் மெதுவாக அள்ளுவதாகவும் சொன்னாள். ஏன் மெதுவாக என்று அவன் கேட்கவில்லை.

சுமப்பவர் குவியலுக்கு முதுகைக் காட்டித் திட்டுக்கல்லில் உட்கார வேண்டும். அள்ளுபவர் பின்னாலிருந்து நிரப்பி, மண்வெட்டிக் காம்பால் விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார். சுமப்பவர் எழுந்து ஏறுவார். திரும்பிப் பார்ப்பதில்லை. சுமையோடு அந்தப் படியில் திரும்பினால் கூடை ஆளைக் கீழே வீசிவிடும். அங்கே குழந்தைகள் நடக்கக் கற்கும்போதே இதையும் கற்றுவிடுவார்கள்.

மேலே கொட்டிவிட்டு இறங்கியவன், கனக்கிறது, குறைத்துப் போடு என்று ஓர்சொலாவிடம் சொன்னான்.

"ஏன்யா, பீப்பாயைத் தொறந்து தொறந்து ருசி பாத்தா மண்ணு என்ன பண்ணும்? அரைக்கூடைதான் போடறேன்."

அவன் சிரித்துவிட்டு உட்கார்ந்தான்.

பிற்பகலில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் குவியல் மறைந்தது, பிறகு திட்டுக்கல், பிறகு அவனுடைய கால்கள். ஈரக் கம்பளி வாடையும் கெட்ட முட்டைக்கோஸ் வாடையும் அதோடு சேர்ந்து வந்து தொண்டையில் படிந்தன. இறங்கினான், உட்கார்ந்தான், எழுந்தான், ஏறினான். நடைகளுக்கு இடையே ஒன்றும் நினைக்கவில்லை. எப்போதோ ஒருமுறை, மண்வெட்டி கல்லில் உரசும் சத்தம் நின்றுபோயிருப்பதைக் கவனித்தான். மண் மட்டும் விழுந்தது. பிடி பிடியாக, அவசரமில்லாமல். பாவம், கையால் அள்ளுகிறாள், எதையும் வெட்டிவிடக் கூடாதென்று பார்க்கிறாள் என்று நினைத்தான். விளிம்பில் இரண்டு தட்டு விழுந்தது. மரக்காம்பின் சத்தமல்ல. விரல் முட்டியின் சத்தம்.

ஏறினான்.

மேல்பாத்தியில் மூடுபனி இல்லை. கீழே மூடுபனியின் ஒரு கிழிசலில் அவனுடைய வீடு தெரிந்தது. அடுக்களை விளக்கு எரிந்தது. வாசலில் ஓர்சொலா நின்று பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டினாள்.

"அங்க தனியா என்னய்யா பண்றே?" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "நான் வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரமாச்சு. ஆட்டைக் கறந்து களியும் கிண்டியாச்சு. இறங்கி வா."

கூடை அவன் முதுகில் இருந்தது. நிறைந்து.

பயப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. அது தாமதமாக வந்தது. அவன் தோளைச் சாய்த்தான். மண் கொட்டியது. வெறும் மண். கொட்டிக்கொண்டே இருந்தது. பாதத்தை மூடியது. வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போக ஒரே வழிதான். அது குவியலை ஒட்டிப் போகிறது. அவன் உடைந்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கிழிசல் மூடிக்கொண்டது.

ஓர்சொலா இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு அவளுடைய மரச்செருப்புச் சத்தம் வீட்டிலிருந்து குவியல்வரை வந்து நின்றது.

"இறங்கி வந்து இங்கதான் குனிஞ்சுக்கிட்டிருக்கியா? கூப்பிட்டா வாயத் தொறக்கறதில்ல." யாரிடமோ பேசினாள். "சரி, முடிக்காம வரமாட்டே, இன்னொரு கூடையக் கொண்டாந்திருக்கேன். நீ போடு, இந்த நடை நான் தூக்கறேன். பாதிதான் போடணும், சொல்லிட்டேன்."

அவன் எழுந்தான். கத்த வாய் திறந்தான். மூச்சுதான் வந்தது.

மண் விழும் சத்தம். பிடி. பிடி.

இரண்டு தட்டு.

படியில் செருப்புச் சத்தம். ஏறுகிறாள். இப்போது குரல் வந்தது. ஆனால் என்ன சொல்வது? பின்னால் இருப்பது நானில்லை என்றால் திரும்புவாள். திரும்பினால் விழுவாள். கீழே அத்தனை படிகள். அத்தனை கல்.

வாயைப் பொத்திக்கொண்டான்.

அவளுடைய மூச்சு கேட்டது. அதன் பின்னால், சற்றுத் தாழ, ஈரமான இன்னொரு மூச்சு.

"தள்ளாதய்யா," என்றாள். "நானே ஏறுவேன்."

மூடுபனியிலிருந்து அவளுடைய தலை வந்தது. குனிந்த தலை. பிறகு தோள்கள். கடைசிப் படிகளுக்குக் கீழே வந்ததும், மேலே நின்ற அவனுடைய செருப்பைப் பார்த்தாள். நின்றாள். மெல்ல நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

திரும்பவில்லை. அந்த மலையில் பிறந்தவள்.

"பின்னால யாருய்யா?"

கூடையின் இரண்டு பக்கத்திலும் கைகள் இருந்தன. நகக்கண்ணெல்லாம் மண். முழங்கைக்கு அப்பால் மூடுபனி.

ஓர்சொலா நின்றுவிட்டாள். கூடை நிற்கவில்லை, அவளைத் தள்ளிக்கொண்டு மேலே நகர்ந்தது.

அவளுடைய கால் அடுத்த படிக்கு வந்தது. அதை வைத்தது அவளல்ல.