தோன்றா எழுவாய்

ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த தாளில், மூன்றாவது கேள்விக்குப் பக்கத்தில் யாரோ சரி போட்டிருந்தார்கள். பேனாவால் இல்லை, பென்சிலாலும் இல்லை. கலங்கலான ஈரத்தில், விரல் அகலத்தில், கீழே இறங்கி மேலே ஏறும் ஒரு சரி. தமிழ் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கம்பிக்கு வெளியே நாலு மாடி ஆழத்துக்கு வெறும் காற்று. புறா வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவளுக்குத் தெரியாதா, எது எச்சம், எது சரி என்று?

"பெரிய மேதாவி வந்துட்டாரு, என் கேள்விக்கு மார்க் போட!" என்றாள் உரக்க. பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. தங்கச்சி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

போனாள் என்ன, இவள்தான் துரத்தினாள். வேலையை விட்டதை மூன்று மாதமாக மறைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும், பையைத் தூக்கி வாசலில் வைத்து, தெருவே கேட்கக் கத்தினாள். அன்றிலிருந்து தங்கச்சியின் போன் அணைந்தே கிடக்கிறது. தோழிகள் வீட்டில் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தும் ஒரு தகவலும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த நாக்கை அறுத்துத்தான் போட வேண்டும் என்று டீச்சர் தினமும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

டாரட் சீட்டு விரித்துக் குறி சொல்கிறவளிடம் போகச் சொன்னது, பள்ளிக்கூடத்தில் பக்கத்து நாற்காலி கணக்கு டீச்சர்.

"நம்பிக்கை இல்லாட்டி பரவாயில்ல டீச்சர். ஆனா கேள்விய நல்லா எழுதிட்டுப் போங்க. ஆமா, இல்லைன்னு முடியற கேள்வி கூடாது. எப்போன்னு கேக்கக் கூடாது. என்ன செய்யணும்னுதான் கேக்கணுமாம்."

"கேள்வி எழுத எனக்கே பாடமா? நான் எடுத்த வினாத்தாளைப் பார்த்து எத்தனை பேர் அழுதிருக்காங்க தெரியுமா?"

வீம்புக்கு உட்கார்ந்து எழுதியவைதான் இந்த மூன்றும். தங்கச்சி என்னை மன்னிப்பாளா? ஆமா, இல்லை ரகம். அடித்தாயிற்று. அவள் எப்போது திரும்புவாள்? அதையும் அடித்தாயிற்று. வீட்டுக்குள் வர என்ன செய்ய வேண்டும்? கச்சிதம். ஒரு சொல் கூடுதல் இல்லை. சரி போட்ட ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. பூச்சாடியில் நாள்பட்டுப்போன தண்ணீரின் நாற்றம் அந்தத் தாளிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

சீட்டுக்காரியின் அறை ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. மிஷின் ஓடுகிற அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறியது. சீட்டுக்காரிக்குச் சின்ன வயசு, நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்று சீட்டை விரித்தாள்.

"கதவைத் தாழ் போடாம விடணும். விளக்கை அணைக்கணும். உள்ள இருக்கறவங்க வாயால 'வா'ன்னு கூப்பிடணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "டீச்சர், உள்ள இருக்கறது நீங்கதானே?"

"வேற யாரு?"

"அப்போ சீட்டு உங்ககிட்ட பேசல. வெளிய நிக்கறவங்களுக்கு வழி சொல்லுது." தாளை இழுத்துப் பார்த்தாள். "இதுல யாரு வரணும்னு எழுதவே இல்லையே?"

"தோன்றா எழுவாய்மா. வாக்கியத்துல எழுவாய் தெரியாது, ஆனா யாருன்னு எல்லாருக்கும் புரியும். என் தங்கச்சிதான், வேற யாரு வரப்போறா?"

"உங்களுக்குப் புரியும். வெளிய நின்னு இதைப் படிச்சவங்களுக்கு?"

கீழே தையல் மிஷின் நின்றது. சீட்டுக்காரி மூக்கை உறிஞ்சவில்லை. "இதை மட்டும் செய்யாதீங்க டீச்சர். அவங்க பேரைப் போட்டு எழுதிக்கிட்டு நாளைக்கு வாங்க."

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளைகள் எழுவாயை விட்டுவிட்டு எழுதினால் ஓரத்தில் சிவப்பில் 'யார்?' என்று போட்டு மதிப்பெண்ணைக் குறைக்கிறவள் அவள். அவளுக்கே இந்தச் சின்னப்பெண் ஓரத்தில் 'யார்?' போடுகிறாள். பன்னிரண்டு நாளில் கிடைத்த ஒரே வழி இது. நாளைக்கு என்று தள்ள இவளால் முடியாது. வந்தால் வரட்டும், எதுவாக இருந்தாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலம் ஆறரைக்குத் தாழை நீக்கினாள். விளக்கை அணைத்தாள். கூடத்தின் நடுவில் நின்று, "வா," என்றாள்.

கீழ்வீட்டு டிவியில் யாரோ செய்தி வாசிப்பதும், குழாயில் சொட்டுவதும், மாடிப்படியில் செருப்புகள் இறங்கிப் போவதும், ஃப்ரிட்ஜ் முனகி முனகி அடங்குவதும் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்து, பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயின. இவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் முதுகுப் பக்கம் கேட்டது. ஜன்னல் பக்கம். நனைந்த மெத்தையை விளிம்பில் ஏற்றி இழுப்பது போல. கம்பி வளைகிற முனகல். அந்த நாற்றம், பூச்சாடித் தண்ணீர் நாற்றம், அறை முழுக்க. பிறகு தரையில் வெறுங்கால். ஈரமாக. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு, ஒரே நேரத்தில்.

"யாரு?" என்றாள். வகுப்பில் அதட்டுகிற குரலை எடுத்தாள். "யாருன்னு கேக்கறேன்ல!"

போன் ஒளிர்ந்தது. தங்கச்சி. பன்னிரண்டு நாளுக்கப்புறம் அவள் பெயர்.

*அக்கா, கீழதான் நிக்கறேன். திட்டாதே. மேல வர்றேன்.*

உயிரோடு இருக்கிறாள். ஐயோ, உயிரோடு இருக்கிறாள்! டீச்சருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கதவுக்கு ஓடினாள், வெளியே பாய்ந்து தங்கச்சியை இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடலாம் என்று. கை கதவைத் தொட்டது. இவள் பின்னலை ஏதோ பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தது. ஒரு அடி நகர விடவில்லை.

படியில் காலடி. துள்ளி ஏறுகிற, தெரிந்த காலடி.

இவள் வெளியே போக முடியாது. சரி. அவள் உள்ளே வரக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. கைக்கு எட்டிய தாழ்ப்பாளை அடித்துப் போட்டாள்.

"வராதே! ஓடிப் போடி! திரும்பிப் பாக்காம ஓடு!"

காலடி வாசலில் நின்றது. பிறகு மெல்ல, அழுகிற குரலில், "அக்கா... இன்னும் கோவமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஈரமான உள்ளங்கை ஒன்று வாயைப் பொத்தியது. காதுக்குப் பின்னால் இவளுடைய குரல், இவளுடைய டீச்சர் குரல், அன்பாகச் சொன்னது: "கோவமெல்லாம் இல்லடி. உள்ள வா."

வெளியே தங்கச்சி அழுகையோடு சிரித்தாள். "அப்போ கதவைத் திற அக்கா."

டீச்சர் அந்த உள்ளங்கையைக் கடித்தாள். பல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, எலும்பு தட்டவில்லை. விடமாட்டேன். செத்தாலும் விடமாட்டேன். இரண்டு கையாலும் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்தாள். அந்தக் கைகள் மேல் ஈரமாக இன்னொரு கை வந்து படிந்தது. அதன் மேல் இன்னொன்று. அதன் மேலும் ஒன்று.