மூச்சுவிடும் கண்கட்டி

மன்சனியா என்ற மருந்துப் பூ கொதித்து ஆறிய தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தின் இடப்பாதியை அமிழ்த்திக் குனிந்திருந்தபோது, மேலிமைக் கட்டியிலிருந்து ஒரு சின்னக் குமிழி கிளம்பி மூக்கோரமாக வந்து உடைந்ததை டில்சியா வலக்கண்ணால் பார்த்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். இன்னொன்று வந்தது.

"அண்ணி, கட்டிக்குள்ளேருந்து குமிழி வருது."

கணவனின் அக்கா ஓர்ஃபிலியா பாலாடைக்கட்டியைத் துணியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். "நாய் வெளிக்குப் போறத வாயப் பொளந்துக்கிட்டு பாத்திருப்ப. பாக்குறவளுக்குத்தான்டி கண்கட்டி வரும். குமிழியாம் குமிழி! அழுதா மூக்குலகூடத்தான் வரும்."

முதலில் வந்த கட்டி அரிசி அளவுதான். ஓர்ஃபிலியாவே தொழுவத்துக்குப் போய், பசுவின் முதுகிலிருந்து ஓர் ஈயைப் பிடித்து, இறக்கையைக் கிள்ளிப் பிடித்தபடி அதன் பின்புறத்தை இமைமேல் தேய்த்துவிட்டாள். ஈரமாக, கால்கள் உதறிக்கொண்டு, ஏதோ பிசுபிசுத்தது.  ஆனால் சில நாளில் கட்டி வடிந்துவிட்டது.

"பாத்தியா? ஈயோட குண்டிக்கு உள்ள மகிமை!"

பிறகு அதன் பக்கத்திலேயே இது முளைத்தது. வாரக்கணக்கில் வடியவில்லை. உள்ளிருந்து ஊசியால் குத்துவதுபோல் சுரீரென்றது, நின்றது, மறுபடி குத்தியது. இப்போது உப்புப் பொட்டலத்தின் எழுத்துகள் இடது கண்ணுக்கு மட்டும் கலங்கின. கண்ணே போய்விடுமோ என்ற பயம் சோற்றையும் இறங்கவிடவில்லை.

"நாளைக்கு ஆத்துக்கு அந்தப்பக்கம் போய் நர்ஸைப் பாத்துட்டு வரேன் அண்ணி."

"கண்கட்டிக்கா? ஊரே சிரிக்கும். இரு, இன்னொரு ஈ பிடிச்சுத் தாரேன்."

அவள் பால் கறக்கப் போனதும் டில்சியா கண்ணாடியைச் சன்னலோரம் கொண்டுபோனாள். வெளியே மழை தகரக் கூரையை விடாமல் அறைந்துகொண்டிருந்தது. மோரும் சாணமும் நனைந்த மாட்டுத்தோலும் கலந்த புளித்த வாடை சமையலறைவரை வந்து தொண்டையில் படிந்தது. அதற்கும் மேலே, மெல்லிசாக, அவள் முகத்திலிருந்தே அழுகிய இறைச்சியின் வாடை எழுந்தது. கட்டியின் உச்சியில் ஒரு துளை. சுற்றிலும் மஞ்சள் நீர் கசிந்து காய்ந்திருந்தது. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பார்த்தாள்.

இமை மூடியிருந்தது. உள்ளே ஏதோ புரண்டது.

துளையில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. காற்றை இழுத்தது. உள்ளே போய்விட்டது.

மாடுகளின் முதுகில் பார்த்திருக்கிறாள். தோர்சலோ. தோலுக்குள் தின்று கொழுக்கும் புழு. ஆண்கள் கட்டைவிரல்களால் பிதுக்குவார்கள். பீச்சிக்கொண்டு வரும்.

அவள் இமையில்.

விடிந்ததும் ஓர்ஃபிலியாவிடம் சொல்லாமல் ஆற்றைக் கடந்தாள்.

நர்ஸ் மார்லென் துளைமேல் களிம்பை அப்பிக் காத்திருந்தாள். மூச்சுக்குத் தவித்து அது மேலே வந்தபோது இடுக்கியால் பற்றினாள். "அசையாதீங்க." புழு சதையைத் தன் கருமுட்களால் பிடித்துக்கொண்டு, வர மறுத்து, வழுக்கி, பிளக்கென்று வந்து பஞ்சில் விழுந்தது. கொழுத்திருந்தது. நெளிந்தது. டில்சியா வாளியில் வாந்தி எடுத்தாள்.

"ஈ தேச்சீங்களா?"

டில்சியா ஆமென்று தலையசைத்தாள்.

"தோர்சலோப் புழுவோட தாய் ஈ தன் முட்டைய வேற ஈயோட வயித்துல கொத்தா ஒட்டிவிட்டுரும்மா. அந்த ஈ சூடான தோல்ல பட்டா குஞ்சுங்க இறங்கிடும். சாதாக் கண்கட்டி வெந்நீர் ஒத்தடத்துலயே அடங்கிடும், ஈயும் வேணாம் எதுவும் வேணாம். அடங்காம கிடந்தா வரணும். பார்வை மங்கினா அன்னைக்கே ஓடி வரணும். இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

"கொத்தாவா?" என்றாள் டில்சியா.

மார்லென் அவள் வலக்கண்ணைக் கையால் பொத்தினாள். "சுவரைப் பாருங்க. என்ன தெரியுது?"

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். ஓரத்தில் ஒரு சாம்பல் இழை.

"நூல் மாதிரி ஒண்ணு."

"அது நிறையப் பேருக்குக் கண்ணுக்குள்ள மிதக்கும். கண்ண அசைச்சா அதுவும் அசையும், அப்புறம் மெதுவா நின்னுடும். கண்ண அப்படியே வச்சுக்கிட்டுப் பாருங்க."

டில்சியா கண்ணை அசைக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை.

இழை சுருண்டது. நீண்டது. நடுவை நோக்கி ஊர்ந்து வந்தது.