மட்டம் நிற்காத மேசை

மேசை மேல் வைத்த ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டுக்கு வந்தது, ஒரு கணம் தங்கியது, பிறகு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. டேனியல் மேசையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். குமிழி திரும்பி வந்து, நடுவைத் தாண்டி, வலப்பக்கம் போனது. தச்சுவேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் மட்டம் தப்பின மேசைகளைப் பார்த்திருக்கிறான். இப்படி ஆடுகிற மேசையைப் பார்த்ததில்லை.

பட்டுக்கடை வரதராஜனுக்கு ஆசை வந்தால் அளவு கிடையாது. சென்னைத் துறைமுகத்துப் பழைய இரும்பு வியாபாரியிடம் ஒரு கிழட்டு மோட்டார் படகை வாங்கி, லாரியில் ஏற்றிவந்து, பிள்ளையார்பாளையத்தில் தன் சாயப்பட்டறைக்குப் பின்னால் சிமெண்டுக் கட்டைகள் மேல் உட்கார வைத்திருந்தார். பாலாற்றிலேயே தண்ணீர் இல்லாத ஊரில் படகு எதற்கென்று தெருவே சிரித்தது. படகின் அறையை ஆபீசாக்க வேண்டும், வெளியூர் வியாபாரிகளை அதில் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த வேலைக்குத்தான் டேனியலும் அவன் மனைவி கிரேஸும் வந்திருந்தார்கள். அவன் அறுப்பான், இழைப்பான். அவள் உப்புத்தாள் தேய்த்துப் பாலீஷ் போடுவாள். கல்யாணமானதிலிருந்து ஒருவரை விட்டு ஒருவர் எந்த வேலைக்கும் போனதில்லை.

படகறையின் பழைய படுக்கைப் பலகைகளைப் பெயர்த்த அன்று பின்னாலிருந்து வண்டல் கொட்டியது. கூரையை ஒட்டிச் சின்னச் சின்னச் சிப்பிகள் அப்பியிருந்தன. மூழ்கி எடுத்த படகு என்று லாரிக்காரர் சொன்னதை டேனியல் கிரேஸிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் உள்ளே கால் வைக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

காலையில் வியாபாரிகள் வருகிறார்கள், மேசை இன்றைக்கே முடிந்தாக வேண்டும். பொழுது சாயும்போதே மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக் கொப்பரைகளின் சாய வாடையும், வார்னிஷ் நெடியும், அவற்றுக்கு அடியில் எத்தனை கழுவியும் போகாத உப்புத்தண்ணீர் வாடையும் ஒற்றை பல்பின் சூட்டில் கலந்து, அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்டியது. கிரேஸின் முகம் வெளுத்திருந்தது.

"எனுக்குத் தலை சுத்துதுபா. தண்ணி மேல நிக்கிற மாறியே இருக்குது. காலைல வெள்ளன வந்து பாத்துக்கலாம்."

அவள் சொன்னபடி கிளம்பியிருக்கலாம். மட்டம் நிற்காத மேசையை விட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை. மழையில் தரை இளகிக் கட்டைகள் ஆடுகின்றன, அவ்வளவுதான் என்று அவளுக்கும் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டான்.

"அஞ்சு நிமிஷம் குந்துமா. நான் படகுக்குக் கீழ ஆப்பு அடிச்சிட்டு வரேன். குமிழி நின்னுச்சுன்னா கொரல் குடு."

சாரல் பட்டால் பாலீஷ் கெட்டுவிடும் என்று கதவையும் அவனே சாத்திவிட்டுப் போனான்.

கீழே கட்டைகள் அசையவில்லை. தரையும் இளகவில்லை. இருந்தாலும் சுத்தியலால் ஆப்பை அடித்தான். மேலே கிரேஸ் கோயில் பாட்டை முணுமுணுப்பது பலகை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பயந்தால் அவள் அதைத்தான் பாடுவாள். அடி விழ விழ அந்தக் குரல் தடித்தது, மங்கியது, குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கியது. பிறகு இல்லை.

"கிரேஸு?"

மழைச் சத்தம் மட்டும்.

ஏணியில் ஏறிக் கதவைத் திறந்தான். பல்பு எரிந்தது. தரை காய்ந்து கிடந்தது. மேசை மேல் ரசமட்டம், அவள் பாலீஷ் துணி. குமிழி போய்க்கொண்டிருந்தது, வந்துகொண்டிருந்தது. கிரேஸ் இல்லை. அந்த அறைக்கு வேறு கதவும் இல்லை.

இறங்கிப் படகைச் சுற்றி ஓடினான். மறுபக்கம் அதே அறையின் இரண்டு வட்டச் சன்னல்கள், இரண்டிலும் வெளிச்சம். முதல் கண்ணாடியில் முகத்தை வைத்தான்.

உள்ளே கிரேஸ் இருந்தாள். அவள் கூந்தல் அவிழ்ந்து தலைக்கு மேலே மெதுவாக அலைந்தது. சேலைத் தலைப்பும் அப்படியே. வாயிலிருந்து குமிழிகள் ஏறின. அவள் கை கண்ணாடியை அடித்தது. சத்தம் வரவில்லை.

சுத்தியலை ஓங்கி அடித்தான். கண்ணாடி உடைந்து விழுந்தது. தண்ணீர் வரவில்லை. ஓட்டை வழியே காய்ந்த அறை, மேசை, பல்பு. கிரேஸ் இல்லை.

பக்கத்துச் சன்னலில் இருந்தாள்.

இப்போது அடிப்பதை விட்டுவிட்டாள். உள்ளங்கை கண்ணாடியில் பதிந்திருந்தது. சுத்தியல் அவன் கையில் இருந்தது. இதையும் உடைத்தால்? உடைக்காவிட்டால்? ஆண்டவரே, ஆண்டவரே. வேறு வார்த்தை வரவில்லை.

அவள் வாயிலிருந்து ஒரு குமிழி ஏறியது. அடுத்தது வரவில்லை. கண்கள் திறந்தபடி அவனைப் பார்த்தன. உதடுகள் மூடியிருந்தன.

உடைந்த சன்னல் வழியே, காய்ந்த அறையிலிருந்து, அவள் குரல் நிதானமாகக் கேட்டது.

"நின்னுடுச்சுபா."